மேஜர் தோண்டிய முற்றம்

"இது என்ன, கெணறா?"

வீட்டுக்காரர் ஸவாஹிர் சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்ரனிஸ்லாஸ் குழிக்கு இந்தப் பக்கம் தலை குனிந்து நின்றான். குழியைத் தோண்டிய மேஜர், மூக்கு நுனியெல்லாம் மண்ணோடு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யாராவது பாராட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இப்பவே மூடிப்போடுறன் ஹாஜியார்."

"நேத்தும் மூடினீங்க. முந்தாநாளும் மூடினீங்க. எனக்கு முத்தத்தப் பத்திக் கவலையில்ல ஸ்ரனிஸ்லாஸ். தமிழ் ஆள் இரிக்கிற ஊட்டுல புது மண் கெடந்தா, செக்கிங் வார ஆமிக்காரன் என்ன நெனப்பான்? என்னத்தப் பொதைச்சீங்கன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நாய் தோண்டினதெண்டு சொல்லுவன்."

"நாயா வந்து சாட்சி சொல்லும்? பெருநாளைக்கு முந்தி இது நிக்கணும். இல்லாட்டி நாய் போகணும்."

ஸவாஹிர் போய்விட்டார். கொட்டாஞ்சேனையில் அவரைப் போல நல்ல வீட்டுக்காரர் கிடைப்பது லேசில்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ஸ்ரனிஸ்லாஸுக்கு அது தெரியும். ஆனால் அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் அவனுக்கென்று மூச்சு விடுகிற ஜீவன் மேஜர் ஒன்றுதான். மூக்கின் இரண்டு பக்கமும் கறுத்த மயிர் மீசை போல இருந்ததால் அம்மா வைத்த பெயர் அது. வைக்கும்போது அதில் ஆபத்து இருக்குமென்று பாவம், அம்மாவுக்குத் தோன்றவில்லை.

அவன் விளக்குமாற்றை எடுத்தான்.

"அடிக்காதீங்க!"

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே டோரினின் முகம் தெரிந்தது. ஸ்ரனிஸ்லாஸின் கையிலிருந்து விளக்குமாறு தானாக விழுந்தது.

டோரின் கொழும்புக் கோட்டையில் ஒரு கொம்பனியில் டெலிபோன் ஒபரேட்டர். அண்ணன் பேர்னாட்டோடும் அண்ணி றோஸியோடும் இருந்தாள். அவளுக்கு ஒருமுறை கல்யாணம் பேசி மோதிரமும் மாற்றியிருந்தது. மோதிரம் மாற்றியவன் எண்பத்திமூன்று கலவரத்தோடு கப்பலேறிப் போனவன், பிறகு ஒரு தபாலட்டைகூடப் போடவில்லை. இப்போது மெல்பேர்னில் இருக்கும் அவளுடைய அக்கா அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கத்து வானொலியில் எந்த நேரம் எந்தப் பாட்டுக்குச் சத்தம் கூடும் என்பதும் தெரியும். அவளோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதுதான் தெரியாது.

"அடிச்சா இன்னும் கூடத் தோண்டும்," என்றாள் டோரின். "வெளிநாட்டில நாயை அடிக்கிறேல்ல. அது நல்லது செய்யேக்க பரிசு குடுப்பாங்க. ஒஃபீசில ஒரு இங்கிலிஷ் மகசீன்ல வாசிச்சனான்."

"அப்பிடியா மிஸ் டோரின்?"

"தோண்டுறதை நிப்பாட்டின உடன ஒரு பிஸ்கட் குடுங்க. 'நல்ல பிள்ளை' எண்டு தலையைத் தடவுங்க. குடுத்துப்போட்டு நாளைக்கு வந்து எனக்குச் சொல்லுங்க."

நாளைக்கு வந்து எனக்குச் சொல்லுங்க. அன்று முழுதும் ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் சீமெந்து மூட்டைகளுக்குப் பதிலாக அந்த வார்த்தைகளையே எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் மேரி பிஸ்கட் நன்றாக வேலை செய்தது. மேஜர் தோண்டியது, நிறுத்தியது, பிஸ்கட் வாங்கியது. பிறகு அது கொஞ்சம் யோசித்தது. நிறுத்தினால்தான் பிஸ்கட். தோண்டினால்தான் நிறுத்தலாம். அதற்குப் பிறகு மேஜர் ஒவ்வொரு குழியாகத் தொடங்குவதும், நான்கு தரம் மண்ணை வாரியதும் நிறுத்தி அவனைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. முற்றம் அம்மைத் தழும்பு போட்ட முகம்போல் ஆகிவிட்டது.

பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸ் சேர்ட்டை ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு மதிலடிக்குப் போய் விவரத்தைச் சொன்னான்.

டோரின் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். "அது முதல் படிதான். அடுத்தது, அதுக்கெண்டு ஒரு இடம் ஒதுக்கிக் குடுக்கோணும். மணல் போட்டு, உள்ளுக்குப் பிடிச்ச சாமான் புதைச்சு வைக்கோணும். அங்க தோண்டினா மெச்சோணும்."

"அந்த மகசீனை ஒருக்காத் தருவீங்களா?"

"அது... யாரோ எடுத்துக்கொண்டு போயிட்டாங்க," என்ற டோரின், மதிலுக்கு மேலால் ஒரு பீங்கானை நீட்டினாள். "மீன் கட்லட். அண்ணி செய்தவ. கூடிப்போச்சு."

ஸவாஹிரின் ஹார்ட்வெயார் கடையிலிருந்தே தள்ளுவண்டியில் மணல் வந்தது. எதிர்வீட்டுக்காரர் கேற்றுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "என்ன, பங்கர் கட்டுறீங்களா? கட்டினா எங்களுக்கும் ஒரு மூலை தருவீங்கதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்ரனிஸ்லாஸ் மணலுக்குள் அவித்த ஈரல் துண்டுகளைப் புதைத்தான். மேஜர் எல்லாவற்றையும் தோண்டித் தின்றது. தின்றுவிட்டு, மண்ணுக்குக் கீழே ஈரல் இருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. எல்லா மண்ணுக்குக் கீழேயும். அடுத்த நாள் ஸவாஹிர் ஆசையாக நட்டிருந்த செவ்விளநீர்க் கன்று வேரோடு படிக்கட்டில் கிடந்தது.

"நாய் ஏன் தோண்டுது தெரியுமா?" என்று அன்று பின்னேரம் டோரின் கேட்டாள்.

"ஏன்?"

"தனியா இருக்கிறதால."

ஸ்ரனிஸ்லாஸ் மதிலில் காய்ந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினான். டோரினும் தன் பக்கத்துப் பாசியைச் சுரண்டினாள்.

"அதுக்கு என்ன செய்யிறது?" என்றான்.

"அதைப் பற்றி அந்த மகசீன்ல ஒண்டும் போடேல்ல," என்றாள் டோரின்.

ஒரு நாள் மத்தியானம் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டெலிபோன் எதுவும் வேலை செய்யவில்லை. அன்று லீவில் நின்ற ஸ்ரனிஸ்லாஸ் மதிலடியில் போய் நின்றவன் நின்றவன்தான். தோண்டிக்கொண்டிருந்த மேஜர்கூட அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து காலடியில் படுத்துக்கொண்டது. பொழுது சாய்கிற நேரம் டோரின் நடந்தே வந்து சேர்ந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. கூந்தலெல்லாம் சுண்ணாம்புத் தூள். வீட்டுக்குள் போகுமுன் மதிலடிக்குத்தான் வந்தாள்.

அவனுக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது.

"மேஜர் இண்டைக்கு ஒரு குழிதான் தோண்டினது," என்றான்.

"நல்லம்," என்று சொல்லி, மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள் டோரின்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் பேர்னாட் சொன்னார்: "தங்கச்சிட மெல்பேர்ன் அலுவல் கிட்டத்தட்டச் சரிவந்திட்டுது. இந்தக் கொழும்பில இனி யாருக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?"

ஸ்ரனிஸ்லாஸ் ஓம் என்று தலையாட்டினான். அன்று பின்னேரம் மதிலடியில் டோரின் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

"கடைசியா ஒரு வழி இருக்கு," என்றாள். "நல்லா நடக்கக் கூட்டிக்கொண்டு போங்க. களைச்சாத் தோண்டாது."

"நீங்களும் வந்தா..." இந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவனுக்கு வியர்த்துவிட்டது. "எப்பிடிப் பழக்கிறதெண்டு காட்டலாம்."

டோரின் மேஜரைப் பார்த்தாள். முகம் வெளிறியது. "எனக்கு... உடுப்புத் தோய்க்க இருக்கு."

அவ்வளவுதான் என்று ஸ்ரனிஸ்லாஸ் நினைத்தான். மெல்பேர்னுக்குப் போகிறவளுக்கு மட்டக்குளி ரோட்டில் என்ன நடை?

அந்த ரோட்டில் ஒரு சென்ட்ரி பொயின்ட் இருந்தது. மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு மூட்டை கிழிந்து மணல் வழிந்துகொண்டிருந்தது. மணல் என்றால் ஈரல் என்று படித்திருந்த மேஜர் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. அடி மூட்டையிலிருந்து தொடங்கியது.

"மேஜர்! நிப்பாட்டு! மேஜர், வெக்கமில்லையா உனக்கு?"

மூன்று சிப்பாய்கள் துவக்கை நிமிர்த்தினார்கள். அங்கே நின்ற ஜீப்பிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரியவர் மெதுவாக இறங்கினார். அவர் தோளிலிருந்த மேஜர் சின்னத்தை ஸ்ரனிஸ்லாஸ் அப்போதுதான் கண்டான்.

"கவுத மேஜர்?" யார் மேஜர் என்று கேட்டார் அவர்.

"பல்லா, சேர்," என்றான் ஸ்ரனிஸ்லாஸ், விரலால் நாயைக் காட்டி.

ஒருவரும் அசையவில்லை. ஒரு சிப்பாய் மட்டும் முகத்தை மணல் மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. அந்த நேரம் பார்த்து மேல் மூட்டைகள் இரண்டு சரிந்து விழுந்தன.

ஸ்ரனிஸ்லாஸும் மேஜரும் ஒரே ஜீப்பில் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சுவரோர வாங்கில் உட்கார்ந்தபடி அவன். மேசைக்காலில் புதுக்கயிறு போட்டுக் கட்டப்பட்டு மேஜர். எங்கே பிறந்தாய், ஏன் மணல் வாங்கினாய், முற்றத்தில் ஏன் அத்தனை குழி, நாய்க்கு அந்தப் பெயரை வைக்கச் சொன்னது யார் என்று கேள்விக்கு மேல் கேள்வி. இந்தக் கேள்விகளுக்குப் பிறகு வீடு திரும்பாத ஆட்களை அவனுக்குத் தெரியும். டோரின் பிளேன் ஏறும்போது தான் எங்கே இருப்பேன் என்று யோசித்தான். வழியனுப்பக்கூடப் போக முடியாதே என்பதுதான் அவனுக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

சேதி கேள்விப்பட்டு இருட்டுமுன் டோரின் வந்தாள், றோஸியைக் கூட்டிக்கொண்டு. கோட்டையில் அதிகாரமான குரல்களோடு தினமும் பேசிப் பழகிய சிங்களத்தில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்: "சேர், இந்த ஆள் ஒரு நாயைக்கூட அடக்கத் தெரியாதவர். இவர் அரசாங்கத்துக்கு என்ன செய்யப்போறார்?"

"இவர் உங்களுக்கு யார்?"

டோரின் ஸ்ரனிஸ்லாஸைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"பக்கத்து வீடு, சேர். நாயைப் பழக்கிறது நான்தான். பிழையெண்டா என்னிலதான்."

"பழக்கின லட்சணமா இது?"

"இன்னும் முடியேல்ல, சேர்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "முடிய எவ்வளவு காலம் எடுக்கும்?"

"எவ்வளவு காலம் எடுத்தாலும் நான் இங்கதான் இருப்பன், சேர்."

அது தனக்குச் சொன்னதென்று ஸ்ரனிஸ்லாஸுக்கு ஒரு ஆசை எழுந்தது. பொலிசுக்குச் சொல்லும் பேச்சுத்தானே என்று அதை அடக்கினான்.

"அப்ப பொறுப்பை நீங்களே எடுங்க," என்று இன்ஸ்பெக்டர் கயிற்றை அவிழ்த்து டோரினின் கையில் கொடுத்தார். அந்தக் கை நடுங்கியது. பொலிஸ் ஸ்டேஷனுக்குள் எந்தத் தமிழருக்குத்தான் கை நடுங்காது என்று ஸ்ரனிஸ்லாஸ் நினைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும், "நான் பிடிக்கிறன்," என்றான்.

"வேண்டாம். என்னட்டத்தானே பொறுப்புத் தந்தவர்."

வழி நெடுக அவள் கையை விறைப்பாக நீட்டிக் கயிற்றைப் பிடித்தபடி நடந்தாள். மேஜர் அவள் சேலையில் உரசும்போதெல்லாம் கண்ணை இறுக மூடினாள். உதடுகள் செபமாலை சொல்வதுபோல் அசைந்தன. அந்தோனியாருக்கு நன்றி சொல்கிறாள்போல என்று அவனும் மனதுக்குள் சேர்ந்து சொன்னான். கேற்றடி வந்ததும் கயிற்றை அவன் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸ்ரனிஸ்லாஸ் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு றோஸியிடம் திரும்பினான்.

"மிஸ் டோரினுக்கு என்னில நல்ல கோவம் போல. நாய்களைப் பற்றி இவ்வளவு படிச்ச ஆளைப் பொலிஸ் வரைக்கும் இழுத்துப்போட்டன். இனி மதிலடிக்கு வரமாட்டா, என்ன?"

றோஸி கேற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"என்னத்தைப் படிச்சவ, ஸ்ரனிஸ்லாஸ்? எங்கட மச்சாள் தெருவில ஒரு நாய்க்குட்டியைக் கண்டாலே அங்கால கரையால போற ஆள். உங்களுக்குச் சொன்னதெல்லாம் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில வாற வழியில அவவே யோசிச்சுக் கட்டினது!"