நாவலைக் கரைத்துக் குடித்தவர்

வசனகர்த்தா முடிவே கட்டிவிட்டார். மூன்று பாகம், ஆயிரத்து இருநூறு பக்கம் உள்ள அந்தப் பழைய நாவலை இரண்டரை மணி நேரப் படமாகச் சுருக்கியே தீருவது! "ஆறு தடவை படிச்சிருக்கேன் சார், கரைச்சுக் குடிச்சாச்சு" என்று இயக்குநரிடம் அளந்துவிட்டும் வந்திருந்தார். உண்மையில் மனுஷன் பைண்டு அட்டையைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் கதை கேட்க வீட்டுக்கே வருகிறார். நாலு வருஷத்துக்கப்புறம் வந்த வாய்ப்பு, கோட்டை விட்டால் அம்பேல்.

நல்லவேளை, மனைவி ஒரு புத்தகப் புழு.

"ஏம்மா, அந்த நாவல் உனக்கு ஞாபகம் இருக்கா? சும்மா ஒரு டெஸ்ட்."

"நீங்க படிச்சீங்களா இல்லையா?"

"சேச்சே, படிக்காமலா? ஒண்ணு ரெண்டு இடம்தான் மறந்துபோச்சு."

"எந்த இடம்?"

"ஆரம்பம்... நடுவுல கொஞ்சம்... அப்புறம் முடிவு."

அம்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பீன்ஸை நறுக்குங்க, சொல்றேன்."

முதல் பாகத்துக்கு பீன்ஸ். இரண்டாம் பாகத்துக்குத் துணி மடிப்பு. மூன்றாம் பாகம் பாத்ரூம் கழுவிய பிறகுதான் கிடைத்தது. தனியாளாக அச்சகம் நடத்தும் ஒருத்தி, அவள் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத புருஷன், கடைசியில் அவள் பூட்டிவிட்டுப் போகும் வீடு. வசனகர்த்தாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அடேயப்பா, என்னமா சுருக்கிட்டே!"

ஞாயிறு காலை இயக்குநர் வந்தார். வசனகர்த்தா நின்று, நடந்து, அழுது கதையைச் சொல்லி முடித்தார். இயக்குநர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பிரமாதம்! ஆனா கப்பல் எங்கே?"

"எந்தக் கப்பல் சார்?"

"யோவ், நாவல் முழுக்கக் கப்பல்லதானே நடக்குது! இந்த அச்சகம் எங்கேருந்து முளைச்சுது?"

மனைவி நிதானமாகக் காப்பியை நீட்டினாள்.

"அது நான் போன வருஷம் எழுதின நாவல் சார். இவர் ரெண்டு தடவை படிச்சுட்டு, 'ஒவ்வொரு வரியும் மனசுல நிக்குது'ன்னு சொன்னாரே!"

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் கப்பலை எந்தக் கடல்ல விடறதுன்னு தெரியாம மூணு வருஷமா முழிக்கிறேன். இதையே எடுத்துடலாம்மா. திரைக்கதையை உங்க வீட்டுக்காரரே பண்ணட்டுமா?"

வசனகர்த்தா கெஞ்சும் முகத்தோடு மனைவியைப் பார்த்தார்.

"ஐயோ, வேண்டாம் சார்," என்றாள் அவள். "படிச்சவங்க யாராவது பண்ணட்டும்."