மேல்வானத்து ஈரமும் என் வேண்டுதலும்

கரையான்சாவடி,
ஆடி மாதம், 1993

சிரஞ்சீவி நாகேந்திரனுக்கு உன் சித்தி வரலட்சுமி எழுதுவது. பெங்களூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடப் பொன்னியம்மன் அருள் புரியட்டும்.

நேற்றுக் காலை அடிபம்பருகே இருந்தவர்கள்: நான், உன் சித்தப்பா, எதிர்வீட்டு ராஜம்மா, பூசாரி துலுக்கானம், காற்றை மட்டும் கக்குகிற பம்பு. வேறு யாருமில்லை. ஆனாலும் விஷயம் பக்கத்து ஊர் நூம்பல்வரை போய்விட்டது.

சித்திரையில் நீ வந்தபோது, ஆபீசில் மழைக்கணக்குப் போடுகிற உன் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்வானம் இருப்பதாகச் சொன்னாயே. மேகங்களுக்கும் மேலே, அப்பளமாய்க் காய்ந்திருக்க வேண்டிய உயரத்தில், அதில் மட்டும் நீராவி கசிந்து ஏறிவிடுகிறது, அந்த ஈரம் தன் சூட்டை வெளியே விட்டு அங்கே குளிரைக் கூட்டுகிறது, குளிர் கூடினால் மேல்காற்று தடம் மாறுகிறது, காற்று மாறினால் எந்தச் சீமைக்கு எப்போது மழை என்ற கணக்கெல்லாம் தப்பாகிறது என்று சொல்லி, பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. கோயிலுக்குப் போய், "தாயே, மேலே இருக்கிற ஈரத்தை எடுத்துடு, மாவிளக்கு போடறேன்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் ராஜம்மா.

அன்றிலிருந்து இங்கே ஒரு தூறல் இல்லை. நேற்றுப் பம்படியில் ராஜம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, ஊரே காஞ்சுகினு கீது, நீ ஆத்தாகிட்ட ஈரத்த எடுக்க சொன்னியே!"

"அது நாகேந்திரன் மிசின்ல இருக்கிற ஈரம்டி."

"மிசின்ல ஈரம் இருந்தா ஷாக் அடிக்கும். சரி, மிசின் வானம்னு ஆத்தாகிட்ட வெவரமா சொன்னியா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பருப்புக்கும் புளிக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறவள், அம்மனிடம் எந்த வானம் என்று சொல்லவில்லை.

உன் சித்தப்பா, "அம்மாம் உசரத்துல கீற தண்ணிய எந்தக் கொடத்துல புடிக்கப்போற ராஜம்மா?" என்றார்.

"நீ சும்மா இரு அண்ணாத்தே! இந்த வருசம் கூழ்ப்பானைய அக்கா தொடக்கூடாது."

கல்யாணமாகி வந்த ஆடியிலிருந்து அந்தக் கூழை நான்தான் கிண்டுகிறேன், நாகேந்திரா. பூசாரிதான் இரக்கப்பட்டு, "புள்ளகிட்ட எழுதி வாங்கிகினு வாம்மா, பாக்கலாம்" என்றார். ஆகவே, நான் கேட்டது பொய்வானத்து ஈரத்தைத்தான், இந்த வானத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மத்தியானம் கொல்லையில் படுத்து வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பொய்வானத்துக்குக் கீழேயும் ஒரு கரையான்சாவடி இருக்குமா? அங்கேயும் ஒருத்தி, வழிதவறி வந்த காற்றில் தலையை உலர்த்திக்கொண்டு, என்னைப் பொய் என்று நினைத்துக்கொண்டிருப்பாளா? அவள் பம்பில் தண்ணீர் வருகிறதா? கேட்டுச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். சித்தப்பா ஆசீர்வாதம் சொன்னார்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ராஜம்மா தெருப் பெண்களோடு வந்துவிட்டாள். "எடுக்க சொன்னா எடுக்குறா ஆத்தா. நீ சொன்னா குடுக்கவும் குடுப்பா. கூழு நீயே கிண்டுக்கா, மழைய மட்டும் கேட்டு வாங்கு" என்கிறார்கள். எனவே மேலே கேட்ட எதையும் எழுதிவிடாதே. நம்மூருக்கு மழை வர மேல்காற்றை எந்தப் பக்கம் நகர்த்தச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுது. ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பதற்குள் பதில் போடு.