நிற்கப்போகிற தொடருக்கு நான் எழுதிய அங்கம்

ஷ்லீரன், சுவிஸ்
14.03.2015

பெருமதிப்புக்குரிய சின்னம்மாவுக்கு,

இங்கு நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் நல்ல சுகம் என்பதை, நான் ரிவி எழுத்தாளர் ஆகிவிட்டதாகத் துன் நகர் முழுக்கச் சொல்லித் திரிகிறீர்கள் என்ற செய்தியிலிருந்து அறிந்தேன். தயவுசெய்து நிறுத்துங்கள். எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை.

சூரிச்சில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் திரைக்கதைப் பயிற்சிக்கு ஆறு பேரை எடுக்கிறது. இப்போது ஓடுகிற ஏதாவதொரு தொடருக்கு, அதன் பாத்திரங்களை வைத்தே ஒரு வாரத்துக்கான அங்கம் எழுதி மாதிரியாக அனுப்பவேண்டும். எந்தத் தொடரைத் தெரிவுசெய்வது என்று அப்பா மாப்பிள்ளை விசாரிப்பதுபோல விசாரித்தார். "எத்தனை வருசமா ஓடுது? நிரந்தரமோ? இடையில நிப்பாட்டிப்போட்டாங்களெண்டால் நீ எழுதினது குப்பை, பிள்ளை." நான் பொலிஸ் தொடரைத்தான் எடுப்பேன் என்று நின்றேன். பதினொரு வருடத்தில் அதில் வந்த ஒரே தமிழர், பொலிஸ் நிலையத்தைக் கூட்டித் துடைப்பவர். வாரம் மூன்று விநாடி வருவார். பெயரில்லை, பேச்சில்லை. அவரை நான் பேசவைத்தேன். கொலைகாரன் யாரென்று அவருக்கு முதல்நாளே தெரியும், ஒரு பொலிஸ்காரனும் அவரைக் கேட்பதில்லை. எழுதிமுடித்து, என் நியாய உணர்ச்சியை மெச்சி நானே அழுதேன்.

அனுப்புவதற்கு முதல்நாள் அப்பா குலேந்திரன் அண்ணையைக் கூட்டிவந்தார். அந்த நிறுவனத்தின் கந்தோரைப் பல வருடமாகத் துடைப்பவர். "தங்கச்சி, அந்தப் பொலிஸ் தொடர் முடியுது. சுவரில இருந்த அடுத்த வருசத்து அட்டவணையைக் கிழிச்சு என்ர குப்பைப் பைக்குள்ளதான் போட்டவங்கள்" என்றார். நான் சொன்ன பதில்: "உங்களுக்கு இதுகள் விளங்காது அண்ணை. தேத்தண்ணியைக் குடியுங்கோ." சொன்னது நான், சின்னம்மா! துடைப்பவன் சொல்வதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை என்று நாற்பத்தெட்டுப் பக்கம் கத்தியவள்.

செவ்வாய் அனுப்பினேன். வியாழன் ரயிலில் கிடந்த இலவசப் பத்திரிகையில் பார்த்தேன்: தொடர் நிறுத்தம். அதையே திரும்பத் திரும்பப் படித்து இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அப்பா சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு, "அண்ணைக்கு விளங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இனி நான் ஒரு வரி எழுதமாட்டேன். முதியோர் இல்ல வேலை போதும். சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்களுக்கு நீண்ட ஆயுளும் உங்கள் தொலைபேசிக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
மதுஜா

பி.கு.: உறையை ஒட்டப்போக மின்னஞ்சல் வந்தது. தொடர் நின்றதால் வரும் வெள்ளிக்குள் வேறு தொடருக்கு மாதிரி எழுதி அனுப்பலாமாம். ஓடிப்போய் குலேந்திரன் அண்ணையைக் கேட்டேன். வைத்தியசாலைத் தொடருக்கு இன்னும் இரண்டு வருடம் உறுதியாம். நான்கு பக்கம் எழுதியாயிற்று. அண்ணை ஒரேயொரு நிபந்தனை போட்டார்: "துடைக்கிற ஆளை மட்டும் கதைக்க விட்டிடாதை, தங்கச்சி. பிறகு எங்களுக்குக் காது கேக்கிறதெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். எனக்கு வேலை போயிடும்."