ஐந்தாவது எழுத்து

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் சில எழுத்துகள் கோட்டில் உட்காராமல் தொங்குகின்றன, சில எகிறிக் குதிக்கின்றன. நாற்பது வருடம் சுவருக்குச் சாயம் அடித்த கை, அம்மாடி. அகலமாக வீசிப் பழகியது. நகத்தளவு இடத்தில் திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கிறது. எந்த 'ன' மூன்று சுழி, எந்த 'ன' இரண்டு சுழி என்று சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒரு சுழி சேர்த்தே போட்டிருக்கிறேன். குறைத்துக் கொடுத்தான் என்று யாரும் சொல்லக் கூடாது. நேற்றுக் காலை தொடங்கிய கடிதம் இது. இப்போது மறுநாள் சாயங்காலம்.

நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று உன் புருஷனிடம் பந்தயம் கட்டிவிட்டு வந்திருப்பதால், நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே எழுதிவிடுகிறேன்.

பந்தயம் நடந்தபோது நீயும் அடுப்படியில்தான் நின்றாய். எட்டு மாதமாக நீ எனக்குச் சோப்பு உறையிலும் தீப்பெட்டியிலும் எழுத்துச் சொல்லித்தந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "அப்பா, சோப்பு உறை படிக்கிறதும் ஊருக்குப் போறதும் ஒண்ணா? யாரையும் கேட்காம அத்தை ஊருக்குப் போய்ட்டு வாங்க பார்க்கலாம். ஒரே ஒரு தடவை யார்கிட்டயாவது கேட்டாலும் சரி, அப்புறம் எங்க போனாலும் நானும் கூட வருவேன்" என்றான். அவன் கூட வருவதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நீ நினைக்கலாம். ரோட்டைக் கடக்கக் கையைப் பிடிப்பான், பரவாயில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம், "அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்பான். நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வான். அந்த ஒரு வரியை இனி என் காதால் கேட்கக் கூடாது என்றுதான் புறப்பட்டேன். அவன் நீட்டிய பணத்தையும் வீறாப்பாக வேண்டாம் என்றேன். அது கொஞ்சம் அவசரம் என்று பஸ் நிலையத்தில் இறங்கியதும் தெரிந்தது.

அங்கே ஒரு அநியாயம் பார்த்தேன். நீ சொல்லித்தந்தது எல்லாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற எழுத்து. விரைவுப் பஸ்களின் நெற்றியில் சிவப்பு எழுத்து ஓடுகிறது. முதல் எழுத்தைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டு இரண்டாவதற்காகத் திரும்பினால், அது போய் நான்காவது வந்து நிற்கிறது. சரி, ஒரு சுற்று சுற்றி வரட்டும் என்று காத்திருந்தால் பஸ்ஸே போய்விடுகிறது. இப்படி ஐந்து பஸ்ஸை வழியனுப்பி வைத்தேன். அவற்றில் டிக்கெட்டும் என் பைக்கு எட்டாத விலைதான், அதனால் அழவில்லை. கடைசியில் மூலையில் ஒரு சாதாரண பஸ் நின்றது. மரப்பலகையில் பெயின்ட்டால் எழுதிய எழுத்து, ஓடாமல் ஆடாமல் எனக்காகக் காத்திருந்தது. மட்டமான பெயின்ட், அங்கங்கே உரிந்திருந்தது. ஆனால் எழுதினவன் கை நல்ல கை. நீ எழுதிக்கொடுத்த முகவரித் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்த்தேன். முதல் எழுத்து சரி. இரண்டாவது சரி. மூன்றாவது சரி. நான்காவதும் சரி. ஐந்தாவதைத் தொடங்கும்போது வண்டி உறுமியது. நான்கு எழுத்து சரியாக இருப்பவன் ஐந்தாவதில் என்ன துரோகம் செய்துவிடப் போகிறான் என்று ஏறிவிட்டேன்.

கண்டக்டர் வந்தார். "பெரியவரே, எங்க?"

"பலகையில என்ன எழுதியிருக்கோ அங்க."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"படிச்சுட்டுத்தான் ஏறினேன்" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது என் குரல் பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்டிருக்கும். அவர் டிக்கெட்டைக் கிழித்தார். ஐந்து மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரில் வந்த கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். எதையும் முழுசாக முடிக்கவில்லை, எல்லாம் பாதிப் பாதி.

இறங்கியதும் தங்கச்சி வீட்டைத் தேடினேன். மூன்றாவது வார்டு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வரிசை, பதினான்காம் எண். தண்ணீர்த் தொட்டி இருந்தது, பதினான்காம் எண்ணும் இருந்தது. கதவைத் தட்டினேன், தட்டுவது கேட்பது ஆகாது. ஒரு குண்டு மனிதர் துண்டோடு வந்து "யார் வேணும்?" என்றார். பதில் சொல்வதும் கேட்பது ஆகாது அல்லவா, அதனால் "தங்கச்சி" என்றேன். "எனக்குத் தங்கச்சி இல்லையே" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே. நகராட்சிக்காரர்கள் வீட்டு எண்ணை எல்லாம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். பொழுது சாய்ந்துவிட்டது, ராத்திரிக்கு எங்கேயாவது தங்கியாக வேண்டும்.

லாட்ஜ் ஒன்று கண்ணில் பட்டது. வாசலில் நின்று படித்தேன்: கு, ளி, ர், சா, த. குளிர் சாதம். ஆறிப்போன சாதம் போடுகிற இடத்துக்கு வாசலில் இவ்வளவு பெரிய கண்ணாடிக் கதவா என்று யோசித்துக்கொண்டே, சாதம் எதுவானால் என்ன, தூங்க இடம் கிடைத்தால் போதும் என்று உள்ளே போனேன். மேசையில் இருந்தவர் அறைக்கு ஒரு விலை சொன்னார் பார், அந்த விலைக்கு நான் அந்த லாட்ஜுக்கு உள்ளும் வெளியும் இரண்டு பூச்சு அடித்துத் தருவேன். "சாதம் வேண்டாம்னா குறைப்பீங்களா?" என்று என்னையும் மீறி வந்துவிட்டது. (இது பேரம், கேள்வி இல்லை.) அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெளியே வந்து மறுபடி படித்தபோதுதான் கடைசியில் ஒரு 'ன' ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பிறகு நடந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் நீளமாக ஒரு கட்டடம். பலகையின் மேல்பாதி முழுக்கச் சுண்ணாம்பு தெறித்து மூடியிருந்தது. எவனோ பலகையை மறைக்காமல் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறான், தொழில் தெரியாதவன். கீழே பெரிதாக 'தங்குமிடம்' என்று இருந்தது. அதன் அடியில் 'கட்டடம் இல்லை' என்று படித்தேன். கட்டடம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, இல்லை என்கிறானே என்று மறுபடி படித்தேன். கட்டணம் இல்லை! அம்மாடி, எட்டு மாதப் படிப்புக்கு அன்றைக்கே பலன் கிடைத்துவிட்டது.

உள்ளே இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு அம்மா. "யாரு உள்ள இருக்காங்க?" என்றார். "யாரும் இல்லைம்மா, நான் ஒருத்தன்தான்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு பாயும் போர்வையும் கொடுத்தார். அவர் போனில் இருந்துதான் உன்னிடம் பேசி, வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொன்னேன்.

பக்கத்துப் பாயில் ஒரு தையல்காரர், தூக்கத்திலும் விரலில் ஊசி பிடித்த மாதிரியே வைத்திருப்பார். "உங்க ஆளு எப்படி இருக்காங்க?" என்றார். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் குடும்பத்தை விசாரிக்கிறார்களே என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"தங்கச்சிங்க. இன்னும் பார்க்கலை."

"பார்க்க விடலையா?"

"எங்க இருக்கான்னே புரியலைங்க. மூணாவது வார்டு."

தையல்காரர் எழுந்து தன் பாயைச் சுருட்டி, "நீங்க ஃபேனுக்குக் கீழ படுங்கய்யா" என்றார். ஒருவர் ரொட்டி கொடுத்தார். இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசை விட்டுடாதீங்க. போன மாசம் மூணாவது வார்டுல இருந்து ஒருத்தர் நடந்தே வெளிய வந்தார்" என்றார். நகராட்சி வார்டில் இருந்து மக்கள் வேறு எப்படி வெளியே வருவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியாது, பந்தயம். ரொட்டியைத் தின்றுகொண்டு தலையை ஆட்டினேன்.

மூன்று நாள் இப்படியே போனது. பகலில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றினேன் (இந்த ஊரில் ஏழு இருக்கின்றன). சாயங்காலம் வந்து எல்லோர் கதையும் கேட்டேன். சும்மா தங்கக் கூசியதால், நான்காம் நாள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வாசல் பலகையைச் சுத்தம் செய்யப் போனேன். சுண்ணாம்பைச் சுரண்டச் சுரண்ட எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நோ. யா. ளி. க. ளி. ன். அடுத்தது உறவினர். ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாடி, நான் தின்ற ரொட்டி எல்லாம் யாருக்கோ வந்த நோயின் ரொட்டி.

இறங்கிப் போய்ச் சாவி அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு நோயாளி யாரும் கிடையாதும்மா. படிப்பு பத்தலை, மன்னிச்சுடுங்க. என் தங்கச்சி கல்லு மாதிரி இருக்கா."

"தெரியும்" என்றார். "மூணாவது வார்டு ஆம்பளைங்க வார்டு. அங்க உங்க தங்கச்சி எப்படிப் படுப்பாங்க?"

"அப்ப முதல் நாளே..."

"முதல் நாளே துரத்தத்தான் வந்தேன். தையல்காரர் அதுக்கு முன்னாடி நாலு நாளா வாயே திறக்கலை, உங்ககிட்டதான் பேச ஆரம்பிச்சார். சரி, கிடக்கட்டும்னு விட்டேன். பலகையைப் பாதியில விட்டுட்டுப் போயிடாதீங்க."

பழைய எழுத்து எல்லாம் சுரண்டலில் போய்விட்டதால், ஒரு தாளில் அவரே முழுசாக எழுதிக் கொடுத்தார். அம்மாடி, வாழ்நாள் முழுக்க எழுத்தின் மேல் சாயம் அடித்து மறைத்தவன் நான். முதல் தடவையாகச் சாயத்தால் எழுத்து எழுதினேன். நீலத்தில் எழுதினேன். முடித்து இறங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. தையல்காரர் உரக்கப் படித்தார்: "நோயாளிகளின் உறவினர் தாங்குமிடம்."

கை வேகத்தில் ஒரு கால் கூடுதலாகப் போட்டுவிட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவரும் சிரித்தார். அழிக்கத் துணியை எடுத்தேன். தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனைவிக்கு மறுநாள் ஆபரேஷன். "கையை வைக்காதீங்கய்யா" என்றார். சாவி அம்மா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெயின்ட்டும் தீர்ந்துபோச்சு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பெயின்ட் இன்னும் அரை டப்பா இருந்தது. (ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்று காலை தையல்காரர் என் சட்டைக்கு இரண்டு பொத்தான் தைத்துக் கொடுத்தார்.)

ஆகவே உன் புருஷனிடம் சொல்: அப்பா ஊர் போய்ச் சேர்ந்தார், யாரையும் கேட்கவில்லை, தங்க இடமும் தானே படித்துக் கண்டுபிடித்தார், அதுவும் இலவசமாக. நாளைக்கு எட்டாவது தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத் தங்கச்சி வாசலில் திடீரென்று போய் நிற்பேன். அதுவரை அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதே. உனக்கும் அவனுக்கும் எல்லாம் கூடி வரட்டும். எனக்குக் கண் கொடுத்தவள் நீ, உன் கண்ணுக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா (கையொப்பம் நானே போட்டது, கட்டைவிரல் இல்லை)

பின்குறிப்பு: உறையில் அனுப்புநர் முகவரி எழுதுவதற்காக வாசல் பலகையின் கடைசி வரியைப் பார்த்து எழுதினேன். ஊர்ப் பெயர் அதில்தான் இருக்கிறது. நானே எழுதிய வரிதான், ஆனால் எழுதும்போது படிக்க முடியாது அம்மாடி, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். இப்போதுதான் படித்தேன். முதல் நான்கு எழுத்து நம் தங்கச்சி ஊர். ஐந்தாவது எழுத்து வேறு. ஆறாவதும் வேறு. பலகையைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று சாவி அம்மா கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன், அதிலும் அப்படியேதான் இருக்கிறது. பதினான்காம் எண் வீட்டுக் குண்டு மனிதர் பாவம், அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் ஒன்று: யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த ஊருக்கு வந்தே இருக்க மாட்டேன். பந்தயத்தில் சரியான ஊர் என்று ஒரு சொல் கிடையாது, அடுப்படியில் நின்ற நீயே சாட்சி. நாளைக் காலை பஸ் நிலையத்துக்குப் போகிறேன், இந்தத் தடவை கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பேன். அடுத்த வாரமும் எழுதுகிறேன். எங்கிருந்து என்பதை உறையின் மேல் நீயே படித்துக்கொள், ஐந்தாவது எழுத்தையும் சேர்த்து.