மகளுடையது, தொட வேண்டாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. நான் நலம். கப்பலில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு நாளைக்கு நாலைந்து வரிதான் வருகிறது, ஆனால் எழுத எழுத இனிக்கிறது. விஷயம்தான் கசப்பு. போனில் சொன்னால் உங்கள் மனைவி காதில் விழும். இப்போதைக்கு அவளுக்குத் தெரியக் கூடாது.

எட்டு மாதமாக அவளுக்கு வயிற்றுவலி, நீங்கள் அறிவீர்கள். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. வாய்வழியாக ஒரு குழாய், கீழிருந்து ஒரு குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா என் பழைய வேலையைக் கேட்டுக்கொண்டு, "நாப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினவருக்குச் சட்டுனு புரியும். மேல் மாடி பாத்தாச்சு, கீழ்த்தளம் பாத்தாச்சு. நடுவுல இருக்கு சிறுகுடல், அங்க நம்ம லிஃப்ட் நிக்காது" என்றார். மலத்தில் ஏதோ ஒரு புரதத்தை அளந்தால் குடலில் அழற்சி உண்டா என்று தெரியுமாம். குறைவென்றால் பெரும்பாலும் பயமில்லை. அதிகமென்றால் கேமரா வைத்த மாத்திரையை விழுங்கி நடுமாடிகளையும் பார்க்க வேண்டும், க்ரோன் நோயா என்று அதன்பிறகுதான் சொல்ல முடியும் என்றார்.

எழுதக் கற்றதிலிருந்து நான் வீட்டில் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டுகிறேன். உப்பு, சர்க்கரை, ஜன்னல். "ஜன்னலப் பாத்தா ஜன்னல்னு தெரியாதாப்பா" என்பாள் மகள், ஆனால் கழற்ற மாட்டாள். லேபுக்காக ஃபிரிட்ஜில் அவள் வைத்த அந்தச் சின்ன டப்பாவைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. 'மகளுடையது. தொட வேண்டாம்' என்று எழுதி ஒட்டி, நானே லேபுக்குக் கொண்டுபோனேன். ஒட்டியது அவள் பெயருக்கு மேலேயே. லேப் பெண் அதைப் பிரித்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

"யாரு மகள், பெரியவரே? இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு யாரோ ஒருத்தர் மகள்தான்."

"என் மகள்மா."

"அதை டப்பால்ல சொல்லணும்."

மறுபடி ஒரு டப்பா, மறுபடி ஒரு காலை. அவள் என்னைத் திட்டவே இல்லை.

ரிசல்ட்டை நானே வாங்கி நானே படித்தேன். ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது அறுநூற்று நாற்பது. மாப்பிள்ளை, அத்தனை மாடிக்கு நான் லிஃப்ட் ஓட்டியதில்லை. "வந்துச்சாப்பா?" என்று தினமும் கேட்டாள். "மிஷின் ரிப்பேராம்" என்றேன். காகிதத்தை பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன். நாலு நாளாக அவள் கேட்பதில்லை, மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பக்குவமாகச் சொல்ல உங்களால்தான் முடியும். நாள் போகிறது, அவள் மெலிகிறாள், சீக்கிரம் சொல்லுங்கள்.

கடல் உங்களை அலைக்கழிக்காமல் இருக்கட்டும், வேளாவேளைக்குப் பசிக்கட்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: கவரில் ரிசல்ட்டையும் வைக்கலாம் என்று இன்று அந்த டப்பாவை இறக்கினேன். மூடியில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'மகளுடைய ரிசல்ட். அவள் பார்க்க வேண்டாம்.' எப்போது ஒட்டினேன் என்றே தெரியவில்லை, பழக்கதோஷம். அதன் கீழே அவள் எழுதியிருக்கிறாள்: 'நாலு நாள் முன்பே பார்த்துவிட்டேன் அப்பா. அவரிடமும் போனில் சொல்லியாயிற்று. டாக்டரிடம் பேசிவிட்டேன், வெள்ளிக்கிழமை கேமரா மாத்திரை. நீங்கள் கூட வாருங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.' ஆகவே இந்தக் கடிதத்தில் உங்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஒன்பது நாள் எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன்.