பச்சைப்பேனை அண்ணையின் மறு எண்ணிக்கை

லண்டன் தமிழர்களில் எதையும் ஒரே தடவையில் நம்பாத மனிதர் பச்சைப்பேனை அண்ணை ஒருவர்தான். இல்ஃபோர்டில் ரயில் ஏறும்போது பெட்டிகளை எண்ணுவார். இறங்கியதும் திரும்ப எண்ணுவார். "வழியிலை ஒண்டைக் கழட்டியிருந்தா?" என்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சைப்பேனை இருக்கும். வேறு எதனாலும் அவர் எழுதி யாரும் கண்டதில்லை.

ஊரில் அவர் தேர்தல் கந்தோரில் வேலை பார்த்தவர். சரிபார்ப்பது அவர் பொறுப்பு. அதற்குத்தான் பச்சை மை. ஒரு தேர்தலில் அரசாங்கத்தின் ஆள் வென்றதாக அறிவித்தார்கள். சனம் கத்தியது. மறு எண்ணிக்கை என்றார்கள். பூட்டிய அறைக்குள் மூன்று தடவை நடந்தது. மூன்று தடவையும் ஒரே தொகை. ஒரு வாக்குக்கூடப் பிசகவில்லை. கையெழுத்துக்கு வந்த தாளில் இவர் பச்சை மையில் 'எண்ணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கந்தோரிலும் இடமில்லை, அந்த நாட்டிலும் இடமில்லை.

"அவங்களும் எண்ணினவங்கள்தான் தம்பி, வோட்டை இல்லை, கதிரையை. மனுசன் எண்ணினா ரெண்டு பிழையாவது வரும். பிழையே வராட்டி அது எண்ணினதில்லை, எழுதினது" என்பார் என்னிடம்.

இந்த வரிக்காகவே எனக்கு அவர்மேல் பொறாமை. இருபது வருடமாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். அப்படி ஒரு வரி எனக்கு வாய்க்கவில்லை.

போன வருடம் தூரத்து நாடொன்றில், கதிரையை விட்டு இறங்காத ஜனாதிபதி ஒருவர் மறு எண்ணிக்கைக்குச் சம்மதித்தார். மூன்று நாள் பலருக்கும் தொலைபேசி எடுத்து, 'முடிவு மாறலாம்' என்று முதல் பக்கத்தில் எழுதினேன். இல்ஃபோர்ட் ரோல்ஸ் கடையில் தொலைக்காட்சியை ஒருதரம் பார்த்தார் அண்ணை.

"பெட்டியிலை கட்டின கயிறு புதுசு. தொகை பழசாத்தான் வரும்."

கடைசி இலக்கம்வரை பழசாகவே வந்தது. அந்த நேரம் கடைக்காரர் என் முதல் பக்கத்தில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "எழுத முதல் அந்த மனுசனிட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமெல்லே?"

"நான் பத்திரிகைக்காரன்."

"ஓம், அவர் விசயம் தெரிஞ்சவர்."

அந்த எரிச்சலில்தான் எங்கள் ஊர்ச்சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டேன். நான் வாய் திறந்தால் ஒரு மண்டபம் அமைதியாக வேண்டும். வேறு கொள்கை எதுவும் இருக்கவில்லை. தலைவர் பன்னிரண்டு வருடமாக அசையாதவர். ஒவ்வொரு தடவையும் வாக்கு எண்ணுவது அவருடைய மச்சான். முடிவு: தலைவர் நாற்பத்துநான்கு, நான் நாற்பது.

"திருப்பி எண்ணோணும்" என்றேன்.

"தாராளமா!" என்று தலைவர் சிரித்தார். மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துச் சமையலறைக்குள் போய், தேநீர் ஆறுமுன் திரும்பினார். நாற்பத்துநான்கு, நாற்பது.

பச்சைப்பேனை அண்ணை எழும்பினார். மண்டபம் அமைதியானது. அவருக்குத்தான்.

"தம்பி, உள்ளை நீர் கறிவேப்பிலையையோ எண்ணினீர்? கொண்டு வாரும் மேசைக்கு."

ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி எண்ணினார். என்னுடைய இரண்டு சீட்டுகள் தலைவரின் கட்டுக்குள் இருந்தன. நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. தலைவர் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். என் மனைவி என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். அந்தப் பார்வை முழுசாக வந்து சேருமுன் அண்ணை என் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினார்.

"சரி போட்ட அடையாளம் கட்டத்துக்கு வெளியாலை போயிருக்கு. செல்லாது."

"அண்ணை, உங்களை இப்ப ஆர் கேட்டது?"

"கோடு தாண்டினா தாண்டினதுதான், தம்பி."

ஒரு வாக்கால் தோற்றேன். மண்டபம் கைதட்டியது. அதுவும் அவருக்குத்தான்.

அவரைக் கிழித்து ஒரு கட்டுரை எழுதுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன். கூட்டம் கலைந்ததும், ஆதாரத்துக்காக அந்தச் செல்லாத சீட்டைத் தேடி எடுத்தேன். வாக்குப்போடும் மேசையில் கயிற்றில் கட்டி வைத்திருந்தது ஒரேயொரு பென்சில். மற்ற எண்பத்துமூன்று சீட்டுகளிலும் சாம்பல் நிற அடையாளம்தான். இதில் மட்டும், கை நடுங்கிக் கோடு தாண்டிய அடையாளம் வேறு நிறமாகத் தெரிந்தது.

வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தேன். பச்சைதான்.