நைனாவுக்குக் கொடுத்த ஜாதிக்காய்

மறதிக்கு மருந்து கொடுப்பதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. மருந்தைச் சாப்பிட்டோமா இல்லையா என்பது நோயாளிக்கு ஞாபகம் இருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் அந்த வயதில் என் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால், ஊரே கூடியிருந்த மணலில் செத்துப்போனவர்களின் சார்பாக நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என் மாமனார் வீட்டார் இன்றுவரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்கவும் மாட்டார்கள்.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்தது. (இப்போது வேறு கொடி. அவர்களும் மீனுக்கு அடிமாட்டு விலைதான் கேட்கிறார்கள்.) எங்கள் குப்பம் கோட்டைக்கு வடக்கே, ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவன் வலை போட்டுவிட முடியாது. எந்த இடத்தில் என்றைக்கு யார் போடலாம் என்று ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அதை யாரும் ஓலையில் எழுதி வைத்ததில்லை. ஊரில் ஒரே ஒரு மண்டைக்குள் அது இருந்தது. அந்த மண்டை என் நைனாவுடையது. (எங்கள் ஊரில் அப்பா என்றால் நைனாதான்.)

வருஷா வருஷம் மழை பெய்து, முகத்துவாரம் திறந்து, இறால் உள்ளே ஏறும் சமயத்தில் ஊர் அம்மன் கோயில் மணலில் கூடும். நைனா எழுந்து நின்று முதலில் இடத்தைச் சொல்வார், பிறகு ஆளின் பெயரைச் சொல்வார். பெயருக்கு உரியவன் ‘கீறேன்’ என்பான். (இருக்கிறேன் என்பதுதான். எங்கள் ஊரில் அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.) அவ்வளவுதான், பாடு முடிந்தது. பெயரைச் சொல்லி, பதிலும் வந்துவிட்டால் பிறகு யாராலும் அதை மாற்ற முடியாது. பக்கத்துக் குப்பத்தில் ஒரு வருஷம் இதில் குளறுபடி வந்து, ஒருவர் வலையை ஒருவர் அறுத்து, கடைசியில் ஒரு பையனுக்குக் கை போய்விட்டது. எங்கள் ஊரில் அப்படி நடக்காததற்கு நைனாவின் ஞாபகம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவருக்கும் அதைத் தவிரப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எங்கள் படகு ஓட்டை, எங்கள் வலை ஒட்டு, பிள்ளையோ நான்.

ஒரு நாள் விடிகாலையில் அவர் கரையில் நின்றுகொண்டு, “நம்ம படகு எதுடா?” என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “இன்னும் சோறு போடலியா?” என்று அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார். அம்மா இன்னொரு தடவை போடுவாள். அவரும் இன்னொரு தடவை சாப்பிடுவார். மறதி என்ற வார்த்தையை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. யாரோ ஒரு தடவை எடுத்ததற்குக் கஞ்சிப் பானை உடைந்தது. கோயில் மணலில் அவர் எழுந்து நின்று, பெயர் வராமல் திணறுவதை நினைத்து நினைத்துப் பயந்தேன்.

மருந்து தேடிப் புறப்பட்டேன். எங்கள் ஊரில் மீன் பிடிக்கத் தெரியாதவன்கூட ஒருத்தன் இருந்தான். வைத்தியம் தெரியாதவன் ஒருவரும் இல்லை. சளிக்கு நண்டு ரசம், தலைபாரத்துக்கு நொச்சி ஆவி, பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு என்று கேட்கும் முன்பே சொல்வார்கள். ஆனால் மறதி நைனாவுக்கு என்று சொல்ல முடியுமா? எனக்குத்தான் என்று சொன்னேன். வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். திருப்பாலைவனம் போகிற வழியில் குளக்கரையில் பறித்து வந்தேன். மடவை மீன் தலையின் மூளையை உறிஞ்சச் சொன்னார்கள். ஊருக்குள் ஒரு மரக்காயர் வீட்டு அம்மா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பாதாம் அரைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் கொண்டுவந்து நைனாவுக்குக் கொடுத்தேன். நைனா கொஞ்சம் சதை போட்டார். மற்றபடி படகு எது என்று கேட்பது நிற்கவில்லை.

இதற்குள் ஆரம்பாக்கம் பக்கத்தில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. பையனுக்குப் புத்தி மந்தமாம், இலை தழை தின்கிறானாம் என்று யாரோ ஊதியிருக்கிறார்கள். மாமனாராக வேண்டியவர் நேரில் வந்து, என்னை எதிரில் உட்கார வைத்தார்.

“தம்பி, எம் பேரு இன்னா, சொல்லு பாக்கலாம்?”

பயத்தில் எனக்கு அவர் பெயர் சுத்தமாக மறந்துபோயிருந்தது. “மாமா” என்றேன். அவர் என் அம்மாவைப் பார்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். பாடு சொல்லும் நாள் வரை இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அப்போதுதான் என் அக்கா வீட்டுக்காரர் கோதண்டம் வந்து சேர்ந்தார். கோட்டைச் சமையற்கட்டுக்கு மீன் கொண்டுபோய்ப் போடுகிறவர். ஒல்லாந்தரைப் பற்றி அவர் சொல்வதில் பாதியை நான் நம்புவேன். அந்தப் பாதி எப்போதும் தப்பான பாதியாகத்தான் இருக்கும்.

“டேய் தேசா, கோட்டையில கணக்கு எழுதறானே ஒலாந்தாக்காரன், அவனுக்கு அத்தினி துணி மூட்டைக் கணக்கும் வாயிலயே கீது. இன்னா துன்றான்னு நெனைக்கிற? ஜாதிக்கா! கறிமேல துளி சீவிப் போட்டுக்குவான்.”

“துளியா மாமா?”

“துளிக்கே அப்படின்னா, முழுசாத் துன்னா எப்பிடி இருக்கும், யோசி!”

யோசித்தேன். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கோதண்டம் மாமா கோட்டைச் சமையல்காரனுக்கு ஒரு கூடை நண்டு கொடுத்து, ஒரு கைப்பிடி ஜாதிக்காய் வாங்கி வந்தார். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பாடு சொல்லும் நாளன்று காலையில் ஒன்றை இடித்து, தேனில் குழைத்து, நைனாவிடம் நீட்டினேன். சந்தேகமாகப் பார்த்தார்.

“நீ மொதல்ல துன்னு காட்டு.”

பாதியை நான் தின்றேன். பாதியை அவர் தின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார்.

“இன்னாடா, இன்னிக்கி ஏதோ மருந்து தரேன்னியே, எங்க?”

“குடுத்துட்டேனே நைனா.”

அவர் முகம் மாறியது. கோபம் முதலில் வரவில்லை. பயம்தான் வந்தது. அந்த முகத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் குரல் ஏறியது. “நான் துன்னுட்டு மறந்துட்டேன்னு சொல்றியா?” என்றார். அன்றைக்கு, அதுவும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“இல்ல நைனா, நான்தான் மறந்துட்டேன். இரு, தரேன்.”

“நீ மொதல்ல துன்னு காட்டு.”

உச்சி வெயிலுக்குள் இதே கூத்து இன்னொரு தடவையும் நடந்தது. கைப்பிடி காலி.

பொழுது சாயும் நேரம் ஊர் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் கோயில் பக்கம். நான் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மணல் படகு மாதிரி லேசாக ஆடியது. மாமனாரின் மூக்கு மிகவும் பெரியதாகத் தெரிந்தது. அதை நினைத்து எனக்குள் சிரிப்பு ஊறிக்கொண்டே இருந்தது. நைனா எழுந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. ஆனால் நிமிர்ந்து நின்றார். பல வருஷமாகக் கேட்காத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது.

“கோட்டைப் பள்ளம்! மொத மொறை, ஆறுமுகம்!”

திணறல் இல்லை, தடுமாற்றம் இல்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. ஏனென்றால் ஆறுமுகம், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது புயலில் போனவர். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. பதில் வந்துவிட்டால் நைனாவின் மறதி யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று என் ஜாதிக்காய் மூளை சொன்னது. ஆறுமுகத்தின் கட்டைக் குரலில், “கீறேன்” என்றேன்.

நைனா திருப்தியாகத் தலையாட்டினார். “நடுப்பள்ளம், எல்லப்பன்!” அவரும் அதே படகில் போனவர். கீச்சுக் குரல்காரர். கீச்சென்று, “கீறேன்” என்றேன். அந்தப் படகில் போன எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டார். எல்லோருக்கும் நானே பதில் சொன்னேன். மாமனார் என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

கடைசியில் நைனா, “முகத்துவாரம், முனுசாமி!” என்றார். அது அவருடைய நைனாவின் பெயர். நான் பழக்கதோஷத்தில் தாத்தா மாதிரி இரண்டு தடவை இருமிவிட்டு, “கீறேன்” என்றேன்.

நைனா என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“நைனா, கஞ்சி குட்ச்சியா?” என்று என்னைக் கேட்டார்.

மணலில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. அழ வேண்டிய இடம் என்று நன்றாகத் தெரிந்தது. நான் சிரித்தேன். நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க என் நைனாவைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு முகம் குப்புற மணலில் விழுந்து தூங்கிப்போனேன். நைனாவும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டாராம்.

மறுநாள் தலை இடிக்க எழுந்தபோது அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“கைக்கொயந்தைக்கு ஒரு உரசு உரசி நாக்குல வெச்சா பொயுதுக்கும் தூங்கும். நீ கைப்பிடி குடுத்தியா, பாவி?” என்றாள். அடிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் தூங்கிய பிறகு நடந்ததை அவள்தான் சொன்னாள். சிலர் இந்தப் பாடு செல்லாது என்றிருக்கிறார்கள். ஆறுமுகத்தின் பெண்சாதி கோயில் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாளாம். ஆள் போன நாளிலிருந்து அவளுக்கு ஏரியில் முறை கிடையாது. தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிழைத்துக்கொண்டிருந்தவள். “எம்புருசன் பேரக் கூப்பிட்டாச்சு. கீறேன்னு சொல்லியாச்சு. இப்ப இல்லன்னு எவன் சொல்றான்?” என்று கேட்டிருக்கிறாள். எவனும் சொல்லவில்லை. அந்த வருஷம், செத்தவர்கள் முறையில் ஊரார் பிடித்த மீனில் பங்கு அவரவர் வீட்டுக்குப் போனது. இன்றைக்கும் போகிறது. இதை என் சாதனை என்று மாமனார் ஒப்புக்கொள்ளவே இல்லை.

நைனா அதற்குப் பிறகு பாடு சொல்லவில்லை. இன்னும் சில மழைக்காலம் இருந்தார். கடைசிவரை நான்தான் அவருக்கு நைனா. கஞ்சி குட்ச்சியா என்று கேட்பார். இருமிவிட்டு, குடிச்சேன் என்பேன். ஒரு நாளும் அவரைத் திருத்தவில்லை.

கல்யாணம் நடந்தது. “செத்தவனுக்கே பதில் சொல்றவரு, எனக்குச் சொல்ல மாட்டாரா?” என்று அந்தப் பெண், கன்னியம்மா, தன் அப்பாவிடம் சொன்னாளாம். எங்கள் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், வேறு யாராவது அவர்கள் குரலில் கீறேன் என்பது அன்றிலிருந்து வாடிக்கை. பிள்ளைகள் என்னைப் போலவே இருமிக் காட்டும். கன்னியம்மா மட்டும் யாருக்கும் அந்த வேலை வைக்க மாட்டாள். கூப்பிட்ட உடனே, “கீறேன், கீறேன், எங்க பூட்டேன்?” என்பாள். (நான் எங்கே போய்விட்டேன் என்பதுதான்.)

நேற்று கஞ்சி குடிக்க உட்கார்ந்தேன். கருவாடு கொண்டு வரச் சொல்லி, “கன்னியம்மா” என்று கூப்பிட்டேன். அவள் போய் இரண்டு மழை ஆகிறது. பேரப் பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

“கீறேன், கீறேன், எங்க பூட்டேன்?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

என் மகள். அப்படியே அவள் அம்மா குரல். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உறைத்தது. நானும் சிரித்தேன். கருவாடு வந்தது. அதற்குப் பக்கத்தில், நான் கேட்காமலே, கொஞ்சம் வல்லாரைத் துவையலும் இருந்தது.